தைபே நகரில் விளக்கு வைத்த பிறகு

தைவான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? டிரான்ஸிஸ்டர், கால்குலேட்டர், மடக்குக் குடை, விளையாட்டுப் பொம்மை என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் 'மேட் இன் தைவான்' என்று அச்சடித்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தீவின் தலைநகரான தைபேயில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்த எனக்கு, இப்போது தைவான் என்றால் சாமான்கள் ஞாபகம் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும் அங்கே தெருத்தெருவாக முளைக்கிற இரவுச் சந்தைகள்தான் கண்முன் நிற்கின்றன.

"நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரியா?" என்று ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். பொருட்காட்சி வருஷத்துக்கு ஒரு தடவை வரும், போகும். இதுவோ தினமும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வரும். ஆறு மணிக்கெல்லாம் அடுப்புகள் எரியும். நடு இரவு வரை ஜனங்கள் நடமாட்டம் குறையாது. ஏறக்குறைய 25 லட்சம் பேர் வாழும் நகரம் அது. அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு அறையே இந்தச் சந்தைதான்.

நான் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகப் போகவில்லை. என் தங்கை கணவர் அங்கே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார். தங்கைக்கும் அங்கேயேதான் பிரசவம். துணைக்குப் போயிருந்த எங்கள் அம்மா, குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு தங்கை போனில், "நல்லா இருக்கேன் அக்கா" என்றுதான் தினமும் சொல்வாள். ஒருநாள் மட்டும் குரல் உடைந்துவிட்டது. "சாயங்காலம் அஞ்சு மணி ஆனாலே பயமா இருக்கு அக்கா. அவர் வர ஒன்பது மணி ஆகுது. இவன் அழறான், நானும் சேர்ந்து அழறேன்" என்றாள்.

இதைக் கேட்ட என் கணவர், "நீ போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வா. வீட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். சிங்கப்பூரில் விமானம் மாறி, நவம்பர் மாதத் தூறலில் தைபே போய் இறங்கினேன்.

இசையோடு வரும் குப்பை வண்டி

தங்கை குடியிருப்பது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நாலாவது மாடி. சமையலறை என்பது ஒரு மேடை, ஒற்றை மின்சார அடுப்பு, அவ்வளவுதான். அங்கே வாடகைக்கு விடும் சின்ன அறைகள் பலவற்றில் அடுப்பங்கரையே கிடையாதாம். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வரும் ஊரில் ராத்திரிச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் தெருவில் பியானோ சங்கீதம் கேட்டது. ஐஸ்கிரீம் வண்டி என்று எட்டிப் பார்த்தால், மஞ்சள் நிறக் குப்பை லாரி! பீதோவனின் 'ஃப்யூர் எலீஸ்' என்ற மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது. சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஜனங்கள் பையோடு இறங்கி வந்து, தாங்களே லாரியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். 2000-ஆம் வருஷத்திலிருந்து தைபேயில் மாநகராட்சிப் பையைக் காசு கொடுத்து வாங்கி, அதில்தான் குப்பையைக் கட்டிப் போட வேண்டும். குப்பை அதிகமானால் செலவும் அதிகம். புதன், ஞாயிறு இரண்டு நாள் லாரி வராது. அந்த மெட்டுக் கேட்டால் எங்கள் குட்டிப் பயல் அழுகையை நிறுத்திவிடுவான்!

கோயில் வாசலில் பிறந்த சந்தை

சனிக்கிழமை தங்கை கணவருக்கு விடுமுறை. எல்லோருமாக ராவ்ஹே தெருச் சந்தைக்குப் போனோம். மெட்ரோ ரயிலில் பச்சைத் தடத்தின் கடைசி ஸ்டேஷனான சோங்ஷானில் இறங்கினால், எதிரே விளக்கொளியில் ஜொலிக்கும் கோயில். 1753-இல் கட்டியது. மாஸு என்ற கடல் தேவியின் சந்நிதி. சீனக் கரையிலிருந்து கடலைத் தாண்டி இந்தத் தீவுக்குக் குடியேறியவர்கள், பத்திரமாகக் கரை சேர்த்த தாய் என்று அவளைக் கும்பிடுகிறார்கள்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே சந்தையின் அலங்கார வளைவு. உள்ளே சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு நேர் தெரு. 1987-இல் இதை முறைப்படியான இரவுச் சந்தையாக அமைத்தார்கள். ஷிலின் என்ற பெரிய சந்தையின் நடுவிலும் மாஸுவுக்குக் கோயில் இருக்கிறது. சாமி கும்பிட ஜனங்கள் வருவார்கள், வந்தவர்களுக்குப் பசிக்கும், கோயில் வாசலில் ஒரு கடை, அதை அடுத்து ஒரு கடை என்று சந்தை வளரும். கோயில் திருவிழா பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா, என்ன?

பெரும்பாலும் ஒரு கடை, ஒரு பண்டம் என்பதுதான் இந்தச் சந்தைகளின் வழக்கம். இரண்டு மூன்று அடி அகல வண்டி. அதில் ஒரே ஒரு தின்பண்டம். அதையே பல வருஷம், சில இடங்களில் தலைமுறையாக, செய்து கை பழகியவர்கள். உலகத்து உணவு விடுதிகளைத் தரம் பார்த்து வெளியிடும் மிஷலின் கையேடு 2018-இல் தைபேக்கு முதல் பதிப்பு போட்டபோது, பெரிய ஹோட்டல்களோடு இந்தத் தள்ளுவண்டிக் கடைகளுக்கும் இடம் கொடுத்தது.

சைவக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

நாங்கள் சைவம். ராவ்ஹேயில் பெயர் பெற்ற மிளகு ரொட்டியைச் சுடுவதை நின்று வேடிக்கைதான் பார்த்தேன். உள்ளே பன்றி இறைச்சி. ஆனால் சுடும் விதம் அழகு. தந்தூரி அடுப்பு போன்ற மண் அடுப்பின் உள்சுவரில் உருண்டை மாவை அப்பி அப்பி ஒட்டுகிறார்கள். வெந்ததும் இடுக்கியால் பெயர்த்து எடுக்கிறார்கள்.

சைவத்துக்கு அங்கே 'ஸு' என்று பெயர். புத்த மதத்தினர் நிறைய இருப்பதால், சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. பலகையில் நம் ஸ்வஸ்திகம் போன்ற சின்னம் இருந்தால் அது பெரும்பாலும் சைவக் கடை. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத ஆசாரமான கடைகளும் உண்டு. ஆனால் முட்டையைச் சேர்த்துவிட்டுச் சைவம் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. கேட்டுக்கொள்வது நல்லது.

நான் ரசித்துச் சாப்பிட்டது கடலை ஐஸ்கிரீம் சுருள். பெரிய கடலை மிட்டாய்ப் பாளத்தைப் பலகையில் வைத்து, தச்சர் மரம் இழைக்கிற இழைப்புளியால் இழைக்கிறார்கள்! பூப்போல உதிரும் அந்தத் தூளை மெல்லிய ரொட்டியில் பரப்பி, மேலே ஐஸ்கிரீம் உருண்டைகளை வைத்து, ஒரு கை பச்சைக் கொத்தமல்லியைத் தூவிச் சுருட்டித் தருகிறார்கள். ஐஸ்கிரீமுக்குக் கொத்தமல்லியா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சாப்பிட்டுப் பார்த்தால் இன்னொன்று கேட்பீர்கள்.

சக்கரக் கேக்கு என்று ஒன்று. நம் குழிப்பணியாரக் கல்லைப் பெரிதாக்கியது போன்ற அச்சில் மாவு ஊற்றி, சிவப்புக் காராமணி போன்ற பயறை வேகவைத்து மசித்த இனிப்புப் பூரணம் வைத்துச் சுடுகிறார்கள். (மாவில் முட்டை உண்டு.) வெள்ளைப் பாகற்காயை அரைத்துத் தேன் கலந்து கொடுக்கும் சாறு ஒன்றும் அங்கே பிரபலம். சீத்தாப்பழத்துக்கு 'ஷிஜியா' என்று பெயர். சாக்கிய முனியான புத்தரின் சுருட்டைமுடித் தலை போல இருப்பதால் அவர் பெயரையே பழத்துக்கு வைத்துவிட்டார்கள்.

1980-களில் தைவானில் பிறந்து உலகமெல்லாம் பரவிய 'பபிள் டீ'யும் மூலைக்கு மூலை விற்கிறது. பாலில் கலந்த டீயின் அடியில் கறுப்புக் கறுப்பாக உருளுவது வேறொன்றுமில்லை, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த உருண்டை. நம் சேலத்து ஜவ்வரிசிக்குப் பெரியக்கா! பெரியவர்கள் மென்று சாப்பிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். உறிஞ்சும்போது வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

நிங்ஸியா தெரு ஆயி

இவையெல்லாம் வேடிக்கை பார்க்கிற சந்தைகள். நான் சொல்ல வந்தது தங்கை வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் நிங்ஸியா தெருச் சந்தையைப் பற்றி. சின்னச் சந்தை. தெரு நடுவில் வண்டிகள். இரண்டு பக்கமும் நடைபாதை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தங்கை அங்கே தனியாகப் போனதே இல்லை. "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ராத்திரியில எப்படிக்கா?" என்றாள்.

"நாலு மாடி இறங்கினால் தெரு. வா, சும்மா நடந்துட்டு வருவோம்" என்றேன். குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பையில் வைத்துக்கொண்டு அன்று முதல் தினமும் ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உருண்டை பொரிக்கும் ஓர் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு தட்டைக் கரண்டி. எண்ணெயில் மிதக்கும் உருண்டைகளை அந்தக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரமாக அழுத்தி அழுத்தி விடுகிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உருண்டை ஊதிப் பெரிதாகிறது. வெளியே மொறுமொறு, உள்ளே காற்று. தங்கை அவரை 'ஆயி' என்று கூப்பிட்டாள். சீன மொழியில் அம்மாவோடு பிறந்த சித்திக்கும், வயதில் பெரிய பெண்களுக்கும் அந்த வார்த்தைதானாம். மாரியாயி, காத்தாயி என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அது அந்நிய பாஷையாகவே படவில்லை.

இரண்டாம் நாளே ஆயி குழந்தையை அடையாளம் தெரிந்துகொண்டார். மூன்றாம் நாள் தங்கை கையில் ஐஸ் போட்ட டீயைப் பார்த்துவிட்டுக் கரண்டியை ஆட்டி ஆட்டித் திட்டினார். தங்கைக்குப் பாதி புரிந்தது. எனக்கு பாஷையே தெரியாமல் முழுதும் புரிந்தது. பால் கொடுக்கிறவள் ஐஸ் குடிக்கலாமா என்று எங்கள் பாட்டி திட்டுவது போலவே இருந்தது! உடனே தன் ஃபிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமைகளில் கடைக்கு ஒத்தாசையாக ஆயியின் மகள் வருவாள். நர்ஸிங் படிக்கிறாள், இங்கிலீஷ் தெரியும். அவள் மூலம்தான் பேச்சு ஓடியது. பிரசவமானதும் ஒரு மாதம் அங்கே பெண்களை வேலை செய்ய விடுவதில்லை. அதற்கு 'மாதம் உட்காருதல்' என்று பெயர். நல்லெண்ணெயும் முற்றின இஞ்சியும் சேர்த்த கோழிக் குழம்பு, பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது என்று பத்தியம். நம் வீட்டுப் பிரசவ லேகியத்தையும் பூண்டுக் குழம்பையும் நான் சொல்ல, அவள் மொழிபெயர்க்க, ஆயி "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். அந்தத் தள்ளுவண்டியில் நின்று இரண்டு பெண்களைப் படிக்க வைத்திருக்கிறார். கணவர் கிழங்கை வேகவைத்து மாவு பிசைவார், பொரிப்பது இவர். பள்ளிக்கூட நாட்களில் பெண்கள் வீட்டுப்பாடம் எழுதியதே வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துதானாம்.

பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் தங்கை தானாகவே, "மணி ஆறாச்சு அக்கா, கிளம்பலாமா?" என்றாள். ஐந்து மணி பயம் எப்போது ஆறு மணி ஆசையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "நீ பெட்டி கட்டு. நான் இவனைத் தூக்கிட்டுப் போய் வரேன்" என்று தனியாகவே இறங்கிப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கு அதுதான் நிம்மதி.

தாய்மாருக்கு இடம் உள்ள ஊர்

ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து போவதை அங்கே சர்வ சாதாரணமாகப் பார்த்தேன். மெட்ரோ பிளாட்பாரத்தில், இரவில் தனியே வருபவர்கள் நிற்பதற்கென்றே காமிராக் கண்காணிப்பில் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பொது இடத்தில் யாரும் தடுக்கக் கூடாது என்று 2010-இல் சட்டமே போட்டார்கள். பெரிய ஸ்டேஷன்களிலும் கடைகளிலும் தாய்ப்பால் கொடுக்கத் தனி அறை உண்டு. சட்டமும் விளக்கும் மட்டும் போதாது; தெரு நிறைய ஆட்கள் இருக்க வேண்டும். சந்தை அதைச் செய்கிறது. நூறு கடைக்காரர்களின் கண் இருக்கும் தெருவில் யாருக்கு என்ன பயம்?

நம் பக்கத்து இளம் தாய்மார்களை நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் விளக்கு வைத்ததும் திண்ணையில் நாலு பேர் கூடுவார்கள். குழந்தை கைமாறிக் கைமாறிப் போகும். இன்று அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தினால், கணவர் வரும்வரை தாயும் பிள்ளையும் மட்டும்தான். சகோதரிகளே, உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் அவளை வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். கோயிலோ, கடைத்தெருவோ, பார்க்கோ, எதுவானாலும் சரி. பிரசவத்துக்குப் பிறகு சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, குழந்தையைப் பார்த்தாலே வெறுப்பு வந்தாலோ, 'எல்லாம் சரியாப் போகும்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தங்கையையும் நான் ஒரு தடவை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி வேண்டாம், கூட்டத்தில் நகராது. துணிப்பையே சௌகரியம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்காதீர்கள்.

* சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் கிழங்கு உருண்டை 40, 50 தைவான் டாலர். ஒரு தைவான் டாலர் நம் பணத்தில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய் ஆகும்.

* பழம் வாங்கினால், நறுக்குவதற்கு முன்பே விலையைக் கேளுங்கள். அங்கே எடைக்கணக்கு 'ஜின்'. ஒரு ஜின் 600 கிராம். கிலோ என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

* மெட்ரோ ரயிலில் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது. மீறினால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம்.

* தெருவில் குப்பைத் தொட்டி அபூர்வம். கைப்பையில் ஒரு காலிப் பை இருக்கட்டும்.

வீட்டிலேயே கிழங்கு உருண்டை

ஆயியின் மகள் சொன்ன முறை இது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு 200 கிராம், மரவள்ளிக் கிழங்கு மாவு 100 கிராம், சர்க்கரை 40 கிராம். கிழங்கை ஆவியில் வேகவைத்து, தோல் உரித்து, சூடாக இருக்கும்போதே கட்டியில்லாமல் மசித்துச் சர்க்கரையைக் கலக்கவும். பிறகு மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசையவும். கிழங்கில் நீர் அதிகமென்றால் மாவு கூடப் பிடிக்கும். கோலிக்குண்டு அளவு உருட்டி, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் போடவும். மிதந்து வந்ததும் ஜல்லிக் கரண்டியால் மெதுவாக அழுத்தி விட்டுக்கொண்டே இருக்கவும். ஊதிப் பெரிதானதும் தீயைக் கொஞ்சம் கூட்டி, மொறுமொறுப்பானதும் எடுக்கலாம். ஆரம்பத்திலேயே எண்ணெய் அதிகமாகக் காய்ந்தால் உருண்டை வெடிக்கும், ஜாக்கிரதை. நான் செய்தபோது எங்கள் வீட்டில் தட்டு மேஜைக்கு வருவதற்குள் காலி!

குட்டிப் பயலுக்குப் போன மாதம் ஒரு வயது நிறைந்தது. அங்கே முதல் பிறந்த நாளில் பேனா, பணம், புத்தகம் என்று பல சாமான்களைப் பரப்பி வைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பது வழக்கம். தங்கை ஆயியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறப்பதாகச் சொல்லிவிட்டு, நாலு மாடி ஏறி வந்தாராம். விளையாட்டாகத் தன் கரண்டியையும் சாமான்களோடு வைத்திருக்கிறார். பயல் நேராகத் தவழ்ந்து போய்க் கரண்டியைத்தான் பிடித்தானாம். எல்லோரும் கை தட்ட, ஆயி மட்டும், "ஐயோ, இது வேண்டாம்டா, நான் நின்றது போதும்" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, அவன் கையில் பேனாவைத் திணித்துவிட்டாராம்.